கல்லும் கொள்ளும்

வழிகாட்டுவதைத் தனியோர் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்தவர்கள் நாம். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்த மலைபடுகடாம், 583 அடிகள் நடந்து செங்கண்மாவில் நன்னனைச் சென்றடைகிறது. அந்நூலைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியவள் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பெருங்கௌசிகனார் வழியை மட்டும் சொல்லி விட்டுவிடுவதில்லை. எந்தச் சிற்றூரில் தினைச்சோறு கிடைக்கும், எங்கே மூங்கிலரிசியும் அவரையும் சேர்ந்த புளிங்கூழ் கிடைக்கும் என்பதையும் உடன் சொல்கிறார். கவர்த்த வழிகளிலே வீரர் பெயரோடு நட்ட கற்கள் பலவுண்டு, அவற்றை மதித்துச் செல்லுங்கள் என்பதையும் சொல்கிறார். முன்னோர் நட்ட கல்லும் இன்று அடுப்பில் வேகும் சோறும் அவர் பாட்டில் ஒரே வழியில் வருகின்றன. இக்காலச் சுற்றுலாக் கையேடுகள் இவ்விரண்டையும் வெவ்வேறு பக்கங்களில் அச்சிடுகின்றன.

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நம் மன்றத்தார் இருபத்திருவர் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒருநாள் பயணம் சென்றோம். வழி சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. ‘தொன்மைச் சின்னங்களும் மலையுணவும்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்கள். பேருந்து இருபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள்ளேயே அன்பர் ஒருவர் கேட்டார்: “அம்மா, ஏற்காட்டில் இடிந்த கோட்டை இருக்கிறதா, பழைய கோயில் இருக்கிறதா? ஏரியும் படகும் மிளகாய் பஜ்ஜியும்தானே இருக்கின்றன?” நேர்மையான கேள்வி. மாமல்லபுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இம்மலை எதையும் உடனே காட்டிவிடாது. நகரமோ வெள்ளையர் குளிர்ச்சி நாடி வந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பியது. ஆகவே நான் அவர்களை முதலில் ஏரிக்கு அழைத்துச் செல்லவில்லை. தூய திரித்துவ ஆலயத்துக்கு அழைத்துச் சென்றேன்.

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்பெறும் இராபர்ட் புரூஸ் பூட்டின் அஸ்தி அடக்கமான இடம் அது. நிலவியல் அளவைத் துறையின் அலுவலராக 1858-இல் இந்தியா வந்தவர். 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் அவர் குனிந்தெடுத்த கற்கோடரிதான், இந்நாட்டிலும் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்று ஆயிற்று. அதே ஆண்டில் அத்திரம்பாக்கமும் அவர் கண்ணில் பட்டது. ஓய்வு பெற்றபின் ஏற்காட்டைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். 1912 திசம்பரில் கல்கத்தாவில் இறந்தபோதும் அவர் எச்சம் இம்மலைக்கே திரும்பிற்று.

நம் மன்றத்தார்க்கு அவரைவிட அவருடைய மாமனார் நெருக்கமானவர். பீட்டர் பெர்சிவல் என்ற பெயரை ஆறுமுக நாவலர் வரலாறு படித்தவர் மறந்திரார். யாழ்ப்பாணத்தில் நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர்; 1855-இல் தொடங்கிய ‘தினவர்த்தமானி’ இதழின் ஆசிரியர்; சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர்; ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர். அவர் 1882-இல் காலமானது இந்த ஏற்காட்டில்தான். மாமனார் மக்கள் வாயிலிருந்த பழமொழிகளைச் சேர்த்தார். மருமகன் அவர்கள் காலடியிலிருந்த கற்களைச் சேர்த்தார். தமிழாசிரியர் பலர் ஏற்காட்டுக்கு ஆண்டுதோறும் மாணவரை அழைத்து வருகிறார்கள். பெர்சிவலின் பெயரை இம்மலையில் அவர்களுள் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நானும் நெடுங்காலம் சொன்னவள் அல்லள்.

பூட் சேர்த்த கருவிகளை 1904-இல் அரசு வாங்கிச் சென்னை அருங்காட்சியகத்தில் வைத்தது. அவற்றின் விளக்கப் பட்டியல் அவர் மறைவுக்குப் பின் 1914-இலும் 1916-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. அப்பட்டியலில் சேர்வராயன் மலையூர்களின் மெருகேற்றிய கற்கோடரிகளுக்குத் தனியிடம் உண்டு. இவை பல்லாவரத்துக் கருவியைப் போன்று உடைத்து மட்டும் செய்தவை அல்ல. கருங்கல்லை உடைத்து வடிவாக்கி, கொத்திச் சமன்செய்து, பின்னர் நீரும் மணலும் இட்டுத் தேய்த்து விளிம்பு தீட்டிய புதிய கற்காலக் கருவிகள். மரப்பிடியில் செருகி, காட்டைத் திருத்தவும் மரத்தைச் செதுக்கவும் பயன்பட்டவை. கோடரியின் ஒரு முனை கூம்பியிருக்கும். மறுமுனை அகன்று, விரல் வைத்தால் இன்றும் கூர் தெரியும். இங்கே வியப்புக்குரியது ஒன்றுண்டு. இக்கற்களுள் பல, மண்ணைத் தோண்டி எடுக்கப்பட்டவை அல்ல. மலைவாழ் மக்கள் மரத்தடிக் கோயில்களில் முன்பே சேர்த்துவைத்து வழிபட்டுவந்தவை. உழும்போதும் மழை அரிக்கும்போதும் வெளிப்பட்ட வழவழப்பான கல்லை மனிதன் செய்தது என்று அவர்கள் கருதவில்லை. தெய்வம் தந்தது என்று கருதிக் கொண்டுபோய்ச் சாமியிடம் சேர்த்தார்கள். இது நம் மலைமக்களின் பேதைமை என்று யாரும் நகைக்க வேண்டா. ஐரோப்பியக் குடியானவர்களும் சென்ற நூற்றாண்டுகள் வரை இத்தகைய கோடரிகளை இடியோடு வானிலிருந்து விழுந்தவை என்று நம்பி, மின்னல் தாக்காதிருக்கக் கூரையில் செருகி வைத்திருந்தனர். சவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் இவ்வழிபாடு இன்றும் காணப்படுகிறது.

நண்பகலுக்கு முன் சேர்வராயன் கோயிலுக்கு ஏறினோம். ஏறத்தாழ 5,300 அடி உயரம். மலையுச்சி அங்கே கூர்ந்து நில்லாமல் மேசைபோல் பரந்து கிடக்கிறது. மேற்பரப்பிலுள்ள பாக்சைட்டுப் படிவம் அதற்குக் காரணம். அப்படிவத்தை மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். கோயில் என்பது ஒரு குகை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இருட்டில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலையூர்கள் அனைத்தும் திரளும். சேர அரையனே சேர்வராயன் ஆனான் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார் உளர். செவிக்கு இனிய விளக்கம். சான்று காட்டுவாரைத்தான் காணவில்லை.

இம்மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தோடு தொடர்பு கற்பிக்க வேண்டா; மலையை ஆள்பவர் என்ற பொருளிலேயே அவர்கள் அச்சொல்லை வழங்குகிறார்கள்; பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை முதலிய மலைகளில் பரவினர் என்பது அவர்களுடைய வரலாற்று மரபு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற பெயர்களோடு எட்கர் தர்ஸ்டனும் 1909-இல் வெளிவந்த தம் நூலில் இதைப் பதிந்துள்ளார். அம்மரபு உண்மையாயின், கோடரியைச் செய்தவர் வேறு, வணங்குபவர் வேறு. முன்னிருந்தோர் விட்டுச்சென்ற பொருளைப் பின்வந்தோர் எடுத்துத் தெய்வமாக்கினர் என்றாகும். எனக்கு இது குறையாகப் படவில்லை.

அங்கிருந்து நாங்கள் சென்ற மலையூரின் பெயரை வேண்டுமென்றே எழுதாது விடுகிறேன். காரணம் படிப்பவர்க்கு இதற்குள் விளங்கியிருக்கும். பழம்பொருள் வணிகர்க்கு ஊர்ப்பெயர் ஒன்று போதும்.

பெரிய மரமொன்றின் அடியில் மூன்று பலகைக் கற்களை நிறுத்தி, ஒன்றை மேலே கிடத்தியிருந்தார்கள். சிற்றறையின் உள்ளே, எண்ணெய் ஊறிக் கறுத்து, குங்குமம் அப்பி, விரல் நீளம் முதல் சாண் நீளம் வரை கற்கோடரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மன்றத்தார் பேச்சற்று நின்றார்கள். பேருந்தில் கோட்டை கேட்ட அன்பர்தாம் முதலில் செருப்பைக் கழற்றினார். கல்லூரி ஆசிரியர் ஒருவர், இவற்றுள் ஒன்றிரண்டைக் கேட்டுப் பெற்றுத் தம் கல்லூரிக் கண்ணாடிப் பேழையில் வைத்தால் மாணவர்க்குப் பயன்படுமே என்று மெல்லச் சொன்னார். நான் மறுத்தேன். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தொல்லியலில் ஒரு கருவியின் மதிப்பு அது கிடந்த மண்ணடுக்கில் உள்ளது. கோயிலில் குவித்த கல் அம்மண்ணைவிட்டுப் பெயர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பேழைக்குப் போனால் அது புதிய கற்காலத்தைப் பற்றி அதிகமாக ஒன்றும் சொல்லிவிடாது. ஆனால் மரத்தடியில் இருக்கும்வரை வேறொரு வரலாற்றைச் சொல்கிறது. ஒரு மக்கள் கூட்டம் தனக்கு முந்தைய கூட்டத்தின் பொருளை எப்படி நடத்திற்று என்ற வரலாறு அது. பூட் காலத்தில் அருங்காட்சியகம் தேவையாயிருந்தது. அவர் சேர்த்திராவிடில் நாம் இன்று இதைப் பேசமாட்டோம். இன்று நமக்கு வேண்டியது கல்லன்று, கல்லைப் பற்றிய பதிவு. ஊர்க் கவுண்டர் இசைவு தந்ததால் புகைப்படம் எடுத்தோம். எண்ண மட்டும் விடவில்லை. சாமியை எண்ணக் கூடாதாம்.

பகலுணவுக்கு ஊர்க் கவுண்டர் வீட்டு முற்றத்தில் இலை போட்டார்கள். வந்தது வெண்மையான நெல்லுச்சோறு, சாம்பார், அப்பளம். அழைப்பிதழில் ‘மலையுணவு’ என்று அச்சிட்டவர் என்னைப் பார்த்தார். பரிமாறிய பாட்டியிடம், “சாமைச் சோறு ஆக்கலையா பாட்டி?” என்று கேட்டேன். அவர் வெட்கத்தோடு சிரித்தார். “சாமை நாங்க திங்கறதுங்கம்மா. இத்தன தூரம் வந்திருக்கறவங்களுக்கு அதையா போடறது?”

அந்த ஒரு விடையில் சமவெளிக்கும் மலைக்கும் இடையிலான வரலாறு அடங்கியிருந்தது. நெல் மதிப்புடையது, விருந்துக்கும் திருநாளுக்கும் உரியது, சாமை வீட்டாருக்கு. வற்புறுத்திக் கேட்டபின் உள்ளிருந்து அவர்களுக்காக ஆக்கிய சாமைச் சோறும், கொள்ளுக் கடைசலும், மொச்சைக் குழம்பும் வந்தன. சாமைச் சோறு சிறுமணியாக உதிரியாக இருக்கும். குழம்பை உடனே உறிஞ்சிக்கொள்ளும். வாயில் நெல்லைவிட நேரம் நிற்கும். கொள்ளை வேகவைத்து, மிளகாயும் பூண்டும் சீரகமும் சேர்த்து மண்சட்டியில் மத்தால் கடைந்திருந்தார்கள். சேலத்து வீடுகளிலும் இதே கடைசல்தான். மலைமேல் பூண்டின் கை தூக்கல். அரைநாழிகையில் இவை தீர்ந்து, நெல்லுச்சோறு அண்டாவில் மிஞ்சிற்று. பாட்டிக்கு அதில் சிறிது மனத்தாங்கல் என்றே நினைக்கிறேன்.

சாமை எந்தக் காட்டில் விளைந்தது என்று எங்களுள் ஒருவர் ஆர்வத்தோடு கேட்டார். சேலத்துக் கடையிலிருந்து மகன் வாங்கி வந்ததாம். “காடெல்லாம் காப்பியும் மிளகுங்க. சாமை வெதச்சு ரொம்ப வருசம் ஆச்சுங்க” என்றார் கவுண்டர்.

காப்பி இங்கு வந்த கதை எல்லோரும் அறிந்ததே. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் அதை நட்டார். பின்னர் வெள்ளையர் தோட்டங்கள் பெருகின. நிழலுக்காக ஆசுதிரேலியாவின் சில்வர் ஓக் மரங்கள் வந்தன. அவற்றில் மிளகு ஏறிற்று. மலைமக்கள் தோட்டக் கூலிகளாயினர். காலப்போக்கில் தம் சிறு நிலத்திலும் காப்பி நட்டனர். சாமைக்குக் கொத்துக்காடு வேண்டும். ஏர் ஏறாத சரிவைக் கொத்தி விதைக்கும் நிலத்துக்கு அது பெயர். விதைத்து அறுத்தாலும் வேலை தீராது. சாமையின் உமி நெல்லுமிபோல் எளிதில் கழலாது. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். இவ்வளவும் பெண்கள் தோளில் விழுந்த பாடு. நியாயவிலைக் கடை அரிசி மலையேறியபோது பெண்கள் உலக்கையைச் சுவரில் சாத்தினார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லும் தகுதி, மாவரைக்க மின்பொறி வைத்திருக்கும் எனக்கு இல்லை. ஒன்றிய அரசு முன்மொழிய, ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சமவெளிக் கடைகளில் சாமை அழகிய பைகளில் விற்பனைக்கு வந்தது. மலைமேல் அது திரும்பி வந்த வழியும் அந்தப் பைதான்.

ஆனால் கொள்ளு கடையில் வாங்கியதன்று. வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறைக்களத்தில் கொள்ளுக்கொடி காய்ந்துகொண்டிருந்தது. சிறுவர் இருவர் கோலால் அடித்து உதிர்த்துக்கொண்டிருந்தனர். பாட்டி காட்டினார். நான் நெடுநேரம் அங்கே நின்றேன். கல்லை வணங்கும் ஊரில் கொள்ளைக் கண்டது எனக்குத் தற்செயலாகத் தோன்றாததற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

1960-களில் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, மெருகேற்றிய கற்கோடரிகளைப் பயன்படுத்தியோர் வாழ்ந்த மண்ணடுக்கில் கரிந்த கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. பூட் ஆராய்ந்த பெல்லாரிப் பகுதியில், சங்கனகல்லு முதலான இடங்களின் சாம்பல் மண்ணைப் பிற்கால அறிஞர்கள் நீரில் அலசிப் பார்த்தபோதும் கொள்ளே மிகுதியாக வந்தது. தென்னிந்தியப் புதிய கற்கால மக்களின் அடுப்பில் கொள்ளு வெந்தது என்பதில் இப்போது ஐயமில்லை. காலம் நாலாயிரம் ஆண்டு அளவில். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் பழமை கி.மு. 2172 எனக் கணக்கிடப்பட்டு 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் வந்த முடிவுகள் இரும்பை இன்னும் பின்னே கொண்டு செல்கின்றன. அங்கே கற்கோடரிக் காலம் அதற்கும் முற்பட்டது. கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, மிளகாய் அமெரிக்காவிலிருந்து, காப்பி அரபு நாட்டின் வழியாக. கொள்ளு இம்மண்ணுக்குரியது. கோடரி எந்தக் காட்டைத் திருத்திற்றோ அந்தக் காட்டில் விதைத்த பயிர், கோடரி தெய்வமான பிறகும் கடைசலாக இலையில் விழுகிறது.

இலக்கியத்திலும் இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்ன ஒருவர் உண்டு. புறநானூற்று 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் ஒரு சீறூரை வருணிக்கிறார். உணவு என்று எண்ணத்தக்கவை வரகு, தினை, கொள்ளு, அவரை என்ற நான்கே என்கிறார். அதே மூச்சில், போரில் வீழ்ந்தவனுக்கு நட்ட கல்லைத் தவிர நெல் தூவி வழிபடும் தெய்வம் வேறில்லை என்றும் சொல்கிறார். அவர் சொல்லும் கல் நடுகல். மரத்தடியில் நாங்கள் கண்டது கோடரி. இரண்டையும் ஒன்றாக்கி ‘சங்க கால வழிபாடு அப்படியே ஏற்காட்டில்’ என்று எழுதுவது எளிது. செங்கம் நடுகற்களையும் துணைக்கு இழுத்துக்கொள்ளலாம். அது வரலாறு ஆகாது. ஆனால் அப்பாட்டில் ஒரு நுட்பம் அன்று களத்தருகில்தான் எனக்குப் புலப்பட்டது. உண்பது வரகும் கொள்ளும். தெய்வத்துக்குத் தூவுவதோ நெல். விளையாத ஊரில் நெல் அரியது, ஆகவே தெய்வத்துக்கு. பாட்டி எங்களுக்கு நெல்லுச்சோறு படைத்ததன் பொருளும் அதுவே. இருபது ஆண்டுகளாக இப்பாட்டை வகுப்பில் விளக்கிய எனக்கு இது பாட்டியின் இலையில்தான் விளங்கிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வு மாணவியாக இருந்தபோது நண்பர் ஒருவர் எனக்கு இத்தகைய கற்கோடரி ஒன்றைத் தந்தார். ஏதோ மலையூரில் கிடைத்தது என்றார். எந்த ஊர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் ஆய்வேட்டின் தாள்கள் பறக்காதிருக்க அது பல்லாண்டுகள் மேசைமேல் இருந்தது. இப்பயணத்துக்கு அதைக் கைப்பையில் எடுத்து வந்திருந்தேன். புறப்படும் முன் கவுண்டரிடம் காட்டி, மரத்தடியில் மற்றக் கற்களோடு வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் வாங்கிப் பார்க்கவும் இல்லை. கைகளைப் பின்னே கட்டிக்கொண்டார்.

“அது எந்த ஊர்ச் சாமிங்களோ. இங்க கூட்டிவந்து வெச்சா ஆகாதுங்கம்மா. எடுத்த எடத்துலதான் வெக்கணும்.”

எடுத்த இடம் எனக்குத் தெரியாது. தந்த நண்பர் இப்போது இல்லை. மாலை ஐந்து மணிக்குப் பேருந்து இறங்கத் தொடங்கிற்று. பாட்டி கொடுத்த ஒருபடிக் கொள்ளு மடியில் இருந்தது. கல் கைப்பையில் இருந்தது.